டாக்டரின் சாட்சியம்

ஆயர் இல்லத்து விசாரணை அறையில் டாக்டர் ஒருவர் செபமாலையை உருட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். இறந்துபோன கன்னியாஸ்திரி ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று விசாரணை நடக்கிறது. அவரிடம் வேண்டிக்கொண்ட பெண்ணின் நுரையீரல் கட்டி கரைந்துவிட்டது என்று சாட்சி சொல்ல இவர் வந்திருக்கிறார். இருமல் நின்ற அன்றே தீர்ப்பெழுதிவிட்ட மேதை. "சந்தேகமே இல்ல ஃபாதர், அற்புதம்தான்!" என்று உருகிக் கண்ணை மூடிக்கொள்கிறார். மூடிய அந்தக் கண்களை, விசாரிக்கும் பாதிரியார், சோற்றில் கிடக்கும் மயிரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். "அற்புதமா இல்லையான்னு நாங்க சொல்லிக்கறோம். மருத்துவத்தால விளக்க முடியுமா முடியாதா, அத மட்டும் நீங்க சொல்லுங்க. புது ஸ்கேன பாத்தீங்களா?" டாக்டர் உறையை நீட்டுகிறார். அதன் ஒட்டுகூடப் பிரிக்கப்படவில்லை. பாதிரியார் அதைக் கிழித்துப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்துகிறார். கறுத்த நுரையீரலின் நடுவே, கட்டி இருந்த அதே இடத்தில், மாலை வெயில் பட்டாணி அளவுக்குப் பளிச்சென்று தெரிகிறது. "இது கரைஞ்சதா? கட்டி இன்னும் இருக்கே! மாத்திர சாப்பிடறாங்களா அவங்க?" "விசுவாசம் இருக்கறப்ப அது எதுக்குன்னு... நான்தான் நிறுத்தச் சொன்னேன்." வெளியே வராந்தாவில் அந்தப் பெண் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்கிறது. டாக்டரின் கைகள் தாமாகக் குவிகின்றன. "கைய எறக்குங்க டாக்டர்" என்கிறார் பாதிரியார். "கும்பிடறதுக்கு நாங்க இருக்கோம். நீங்க பாருங்க."