காப்பிக்காரர் வீடு

கம்லா கொண்டுவந்து வைத்த பியாலாவைப் பார்த்ததும் கோவிந்தசாமியின் முகம் மாறியது. காப்பி இல்லை, டீ.

பதின்மூன்று வருஷம் கழித்துக் கனடாவிலிருந்து வந்திருக்கிற புருஷனுக்கு என்ன பிடிக்கும் என்பதுகூட மறந்துபோய்விட்டதா இவளுக்கு?

பிஜித் தீவின் ரக்கிரக்கியில் அந்தக் கரும்புக்காட்டுப் பக்கம் எல்லார் வீட்டிலும் டீதான். கோவிந்தசாமியின் அப்பா மட்டும் கொல்லையில் நாலு காப்பிச் செடி வைத்து, கொட்டையை வறுத்து இடித்துக் குடித்தார். அதனால் காப்பிக்காரர் வீடு என்றே பெயராகிவிட்டது. டீ குடித்து வளர்ந்த கம்லா, கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியாரிடம் வறுக்கிற பதத்தைக் கற்றுக்கொண்டாள். கோவிந்தசாமியும் அப்பாவைப் போலத்தான். டீயைக் கையால் தொடமாட்டார்.

“இன்னா கம்லா, காப்பி இல்லியா?”

“வறுக்கறத நிறுத்திட்டேன். ஒருத்திக்கு எதுக்கு?”

அவர் பியாலாவை அப்படியே பெஞ்சின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கிளம்பியவர் அவர். முதலில் தான் போய் ஒரு வேலையில் ஒட்டிக்கொள்வதாகவும், பேப்பர் கிடைத்ததும் அவளையும் அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுத்தான் வான்கூவருக்கு விமானம் ஏறினார். பேப்பர் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம் வந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைக் கம்லா ஆறு வருஷம் பார்த்தாள். கடைசியில் கொள்ளி வைக்கப் பக்கத்து வீட்டு ஜிதேந்திராவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பிறகு நிலக் குத்தகை முடிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இந்த மே மாதம் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னதும், ஜிதேந்திரா குடும்பமும் ஆக்லாந்துக்குப் போய்விட்டது. போகும்போது கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது அந்தச் சரிவில் ஆள் இருக்கிற வீடு கம்லாவுடையது ஒன்றுதான். மனுஷக் குரல் கேட்கட்டுமே என்று பகல் முழுக்க ரேடியோவை ஓடவிட்டிருப்பாள். யார் யார் செத்தார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று வாசிப்பார்கள். முன்பின் தெரியாதவர்களின் பேரையும் அவள் உட்கார்ந்து கேட்பாள்.

இன்றைக்கு அவள் ரேடியோவை அணைத்திருந்தாள்.

கோவிந்தசாமி தன் பாட்டைச் சொன்னார். மரம் அறுக்கிற மில்லில் வேலையாம். யார் வீட்டுக்கோ அடியில் ஒரே அறை, அதில் ஒண்டிக்கட்டையாய் இருக்கிறாராம். அரிசியையும் பருப்பையும் ஒரே சட்டியில் போட்டுப் பொங்கி இரண்டு நாள் வைத்துத் தின்பாராம். பனி கொட்ட ஆரம்பித்தால் வாரக்கணக்கில் பேச ஆள் இருக்காதாம்.

கம்லா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கம்பளி இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தாள்.

“எல்லாம் கீது. காப்பிதான் அங்க கழுநீர் மாதிரி. உன் கைக் காப்பிய நெனச்சிக்கினே வந்தேன்” என்றார் அவர்.

அவள் பியாலாவை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பெட்டியைத் திறந்து ஒரு நீள உறையை எடுத்தார். உள்ளே நாலு தாள், எல்லாம் இங்கிலீஷ், தலைப்பில் ஏதோ கோர்ட் முத்திரை. அவளைக் கூப்பிட்டுக்கொள்வதற்கான பேப்பர் ஒருவழியாக வந்துவிட்டது என்றும், மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் அவளும் விமானம் ஏறலாம் என்றும் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் தாள்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் பேப்பர் என்னாயிற்று என்று கேட்பாள். நாலு வருஷமாக அந்தக் கேள்வியும் நின்றுபோயிருந்தது. அவளுக்கு அவ்வளவு பொறுமை என்று அவர் நினைத்திருந்தார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு இடத்தில் போட்டாள். மூன்றாவது இடத்தில் பேனா நின்றது. வெளியே தகரம் இல்லாமல் நின்ற ஜிதேந்திராவின் வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோவிந்தசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதையும் போட்டுவிட்டுத் தாள்களை அவர் பக்கம் தள்ளினாள்.

“இத்தோட முடிஞ்சிச்சா?”

“முடிஞ்சிச்சி கம்லா.”

உறையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தொடாமல் வைத்திருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். பாலும் கெட்டி. ஆனால் இனிப்பே இல்லை. மில்லுக்குப் போகிற கரும்பு லாரி ஒன்று வாசலைத் தாண்டிப் போயிற்று.

அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. “சக்கரை போட மறந்துட்டியே” என்றார்.

கம்லா பேனாவை மூடி அவர் பக்கத்தில் வைத்தாள்.

“மறக்கல. உங்களுக்குச் சக்கரை ஆவாது, இஞ்சி டீதான் குடிப்பீங்கன்னு அங்க இருக்கற உங்க பொண்டாட்டி எழுதியிருந்தா.”