இறங்குவதற்கு ஓர் இடம்

மலைப்படியின் பாதியில் கல்யாணம் நின்றுவிட்டது.

திருவந்திபுரத்தில் கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். மேலே மண்டபத்தில் தாலி கட்டி முடித்தவர்களால் இறங்க முடியவில்லை. படி நிறைய ஏறுகிறவர்கள். ஏறுகிறவர்களாலும் ஏற முடியவில்லை, மேலே இறங்காதவர்கள்.

மாலைக்கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஜெயப்பிரகாஷ் வியர்த்துக் கொட்டினான். ஒன்பது மணியோடு முகூர்த்தம் முடிகிறது; அடுத்து மார்கழி, கல்யாணம் கிடையாது. தை பிறப்பதற்குள் பெரியப்பா மனசு மாறிவிடும். அவரைச் சம்மதிக்க வைக்கவே இவனுக்கும் காயத்ரிக்கும் ஒரு வருஷம் பிடித்திருந்தது.

பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்ற காயத்ரி சிரித்தாள்.

எதற்கென்று அவனுக்குத் தெரியும்.

சிதம்பரத்தில் இருவரும் ஒரே வகுப்பில் எம்.சி.ஏ. படிக்கிறார்கள். புராஜெக்டுக்காகக் கம்ப்யூட்டரின் உள்மையமான கெர்னலுக்குள் ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதுகிறார்கள். திறக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் மெமரியில் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். மெமரி நிரம்பிவிட்டால், பழையதை டிஸ்கில் எழுதிவிட்டு இடத்தைக் காலி செய்யலாம்.

ஆனால் எழுதுவதற்கே கொஞ்சம் மெமரி வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு மெஷின் அப்படியே உறைந்துவிடும்.

முதலிலேயே கொஞ்சம் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்வோம் என்பது காயத்ரியின் கட்சி. சும்மா கிடக்கிற மெமரி தண்டம் என்பது இவன் கட்சி. லேபில் வாரக்கணக்காக இதே சண்டை.

"இன்னும் தண்டம்தானாடா?" என்றாள்.

அவன் கூடையைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளில் கிடந்த ஜமுக்காளத்தை உருவிக் கயிறாக முறுக்கினான். ஒரு முனையை அவளிடம் நீட்டினான். சுவரோரம் ஓர் ஆள் போகிற அகலம் விட்டு, அதில் நம் ஆட்களும் கால் வைக்கக் கூடாது என்றான்.

கிடைத்த இடத்தை விடுகிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பெரியப்பா புலம்பினார். ஆனாலும் முதலில் ஒதுங்கியவர் அவர்தான்.

மேலேயும் கீழேயும் நின்ற கல்யாணக்காரர்கள் பார்த்துவிட்டு ஆளுக்கொரு மேல்துண்டை நீட்டிப் பிடித்தார்கள்.

அந்த இடுக்கு வழியே முதலில் ஒரு புதுப்பெண் இறங்கினாள். பின்னால் அவள் புருஷன், மேளக்காரர், வீறிட்டழும் ஒரு குழந்தை. படி மூச்சு விட்டது.

ஒன்பதுக்குள் மண்டபத்தில் இடம் கிடைத்தது.

இருவரும் கூடையிலிருந்து ஆளுக்கொரு மாலையை எடுத்தார்கள்.

காயத்ரி தன் மாலையை அவள் அப்பா ராஜமாணிக்கத்திடம் கொடுத்தாள். ஜெயப்பிரகாஷ் தன்னுடையதை அவன் அம்மா புஷ்பவள்ளியிடம் கொடுத்தான். அம்மா நிமிரவே இல்லை.

செத்துப்போன தம்பியின் மனைவிக்காகத் தாலித்தட்டைப் பெரியப்பாவே எடுத்து நீட்டினார்.

மேளம் கொட்டி முழங்கும்போது காயத்ரி அவன் காதருகே வந்தாள்.

"நான் உன்னவிட நாலு மாசம் பெரியவ. திங்கக்கெழமைலேர்ந்து லேப்ல அக்கான்னு கூப்புடு."