கீறல் விழாத கறுப்பு

செல்போன் பழுது பார்க்கும் கடை மேசையில் இரண்டு பின்மூடிகள் கிடந்தன. கறுப்பு மூடியை அப்போதுதான் ஒரு போனிலிருந்து கழற்றியிருந்தார்கள். அதே போனில் மாட்டுவதற்காகச் சிவப்பு மூடி காத்திருந்தது.

"உன்மேல ஒரு கீறல்கூட இல்லையே. ஏன் கழட்டினாங்க?" என்று சிவப்பு கேட்டது.

"போன்காரருக்கு என் நிறம் சலிச்சுப் போச்சாம்."

"அவ்வளவு நாளா உன்னையே பார்த்துட்டு இருந்தாரா?"

கறுப்பு கொஞ்சம் யோசித்தது. "வாங்கின அன்னைக்குப் பார்த்தார். அப்புறம் இன்னைக்குப் பார்த்தார்."

சிவப்புக்கு அது விளங்கவில்லை. அதற்குள் கடைக்காரர் அதை எடுத்துப் போனில் பொருத்தினார். போனின் பக்கவாட்டுப் பொத்தான்களையும் சிவப்பாக மாற்றினார். போனுக்குச் சொந்தக்காரர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "புது போன் மாதிரியே இருக்கு" என்றார். சிவப்பு பூரித்துப்போனது.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து தடித்த ரப்பர் பவுச்சை எடுத்தார். கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று போனை அதற்குள் அழுத்தி மாட்டினார்.

உள்ளே ஒரே இருட்டு.

"இதுக்குள்ள எவ்வளவு நாள் இருக்கணும்?" என்று சிவப்பு மெல்லக் கேட்டது.

"அவருக்கு உன் நிறம் சலிச்சுப் போற வரைக்கும்" என்றது பவுச்.