கேட்டபின் பேசக்கூடாது

"வேலைய விட்டா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க, சார்?" என்று கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொள்கிறாள். கேள்வி கேட்டபின் முந்திக்கொண்டு பேசக்கூடாது என்பது, வேலை மாறத் தயங்குபவர்களுக்கு வழிகாட்டும் பயிற்சியாளராக அவள் கற்ற முதல் பாடம். கட்டணம் கட்டி வந்திருக்கும் முதல் ஆள், ஒரு வங்கி ஊழியர், மடிக்கணினித் திரையில் ஆடாமல் அசையாமல் இருக்கிறார். யோசிக்கிறாரா, இணைப்புதான் நின்றுவிட்டதா? ஜன்னல் வெயில் மேஜையில் ஊர்ந்து தண்ணீர் டம்ளரைத் தொடுகிறது. கதவிடுக்கில் தலையை நீட்டிய கணவன், "நெட் போச்சா?" என்று உதட்டை மட்டும் அசைக்கிறான். அவள் மேஜைக்கடியில் கையை ஆட்டி விரட்டுகிறாள். நல்ல வேலையை அவள் உதறிவிட்டு வந்த நாளிலிருந்து ஏன் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வங்கிக்காரரின் முதுகுக்குப் பின்னால் திரைச்சீலை மெல்ல அசைகிறது. அப்படியென்றால் இணைப்பு இருக்கிறது. 'பரவாயில்ல சார், அடுத்ததுக்குப் போவோம்' என்பது அவள் தொண்டைவரை வந்துவிட்டது; விழுங்குகிறாள்.

"மேடம், நீங்களும் வேலைய விட்டவங்கதானே?" அவர் குரல் அறை முழுக்கக் கேட்கிறது. "அப்ப உங்களுக்கு என்ன பயம் இருந்துச்சு?"

கேட்டுவிட்டு அவரும் வாயை மூடிக்கொள்கிறார். கதவோரம், போகத் திரும்பிய கணவன் போகாமல் நிற்கிறான்.