கணக்குப்படி நேற்றே

செத்துப்போன கடல்பாசியின் துகள் ஒன்று ஆழத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கிருமிகள் தின்று தீர்ப்பதற்குள் தரையைத் தொட்டுவிட்டால், ஆயிரம் வருடம் நிம்மதியாகப் படுத்திருக்கலாம். வழியில், துகள்கள் இறங்குவதைக் கணக்குப் போடும் கருவி ஒன்று தொங்கியது.

"ஐயா, தரை இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"நீ உருண்டை. ஒரே வேகம். மேலேயிருந்து தரைக்கு இருபதே நாள்," என்றது கருவி, ஏறிட்டும் பார்க்காமல்.

"உருண்டையா? கிழிஞ்ச துணியாட்டம் ஆடி ஆடி இறங்குறேனுங்க. முதுகுல கிருமி வேற தின்னுட்டிருக்கு. அதையும் எழுதிக்குங்க."

"என் படிவத்துல அதுக்கெல்லாம் கட்டம் கிடையாது."

துகளுக்கு ஆத்திரம் வந்தது. "நான் கிளம்பியே இருபத்தொரு நாள் ஆச்சுங்களே!"

கருவி முதன்முறையாகத் திரும்பியது. "அப்படின்னா நீ நேத்தே தரையில சேர்ந்தாச்சு. அறிக்கையும் மேலே போயாச்சு. இங்கே இல்லாத ஆளோட எனக்கென்ன பேச்சு?"