ஜோதிடர் எடுத்த மூன்று கார்டுகள்

“சீட்டுக் குலுக்கிப் போட்டு என் தலையெழுத்தைச் சொல்லிடுவீங்க, அப்படித்தானே?”

வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்டார். தையல் கடைக்கு மேலே சின்ன அறை. ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். மேஜைக்குப் பின்னால் டாரட் கார்டு பார்ப்பவள்.

“தலையெழுத்தை விடுங்க சார். கேட்ட கேள்விக்குப் பதில் தேடலாம். உக்காருங்க.”

உட்காரும் முன் அந்த நாற்காலி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று ஜன்னல் வெயிலை வைத்துக் கணக்குப் போட்டார். தொழில் ஜோதிடம் என்பதை அதற்கு மேல் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னார்.

“முப்பது வருஷமா ஜாதகம் பாக்கறேன். பேர் சொன்னா ஊரே கையெடுத்துக் கும்பிடும். லக்னம் வேண்டாம், தசாபுத்தி வேண்டாம், எழுபத்தெட்டு அட்டையை வச்சுக்கிட்டு எப்படிப் பலன் சொல்றீங்கன்னுதான் எனக்கு இன்னும் புரியல.”

“அது புரியணும்னுதான் மாடி ஏறி வந்தீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. வேறு இடமாக இருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார். காரியம் ஆக வேண்டியிருந்ததால் உட்கார்ந்தார்.

“கேள்வி இதுதான். எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர், ‘கார்டும் பாப்பீங்களா’ன்னு கேக்கறாங்க. இல்லைன்னா எழுந்து போயிடறாங்க. கார்டு பாக்கற ஒருத்தரைக் கூட்டு சேத்துக்கலாம்னு இருக்கேன். ஆளும் மனசுல இருக்கு. அந்த ஆள் வரலைன்னா இந்த வருஷத்தோட கதவைச் சாத்திட வேண்டியதுதான். வருவாங்களா, மாட்டாங்களா?”

“உங்க கட்டத்துலயே பாக்கலாமே. கூட்டாளிக்கு ஏழாம் இடம்.”

“பாத்தேன். அடுத்தவங்க ஜாதகம்னா மளமளன்னு வருது. சொந்த ஜாதகம்னா ஆசைதான் பலன் சொல்லுது.”

இவ்வளவு பெரிய மனிதர் இதை ஒப்புக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது. கார்டுகளைக் கலைத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினாள்.

“மூணு எடுங்க.”

முதல் கார்டில் கல் சிம்மாசனத்தில் கிரீடம் வைத்த ஒரு தாடிக்காரர். தலைகீழாக இருந்தார்.

“சக்கரவர்த்தி. இது நீங்க.”

“தலைகீழா வந்தா கெட்டதா?”

“ஒரு கிரகம் வக்கிரமானா, கெட்டே போச்சுன்னா சொல்வீங்க? பலம் அப்படியேதான் இருக்கும், போற பாதைதான் திரும்பியிருக்கும். இவரும் அப்படித்தான். அதிகாரம் இருக்கு. அது பிடிவாதமாத் திரும்பி நிக்குது.”

“வக்கிரமெல்லாம் தெரியுமா உங்களுக்கு?”

“கேள்வி ஞானம்தான் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாவது கார்டைத் திருப்பியதும் அவர் கை பின்னுக்குப் போனது. வெள்ளைக் குதிரை மேல் ஒரு எலும்புக்கூடு.

“இது... மரணமா?”

“சனிப் பெயர்ச்சின்னு யாராவது பயந்துக்கிட்டு வந்தா, ஆள் காலின்னா சொல்லி அனுப்புவீங்க?”

“சேச்சே. பழசு ஒண்ணு முடியுது, புதுசு ஒண்ணு ஆரம்பிக்குதும்பேன்.”

“இந்தக் கார்டும் அதைத்தான் சொல்லுது. ஒரு பழைய நினைப்பு முடியணும். கார்டு பாக்கறதெல்லாம் ஒரு தொழிலான்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, அந்த நினைப்பு.”

“முடிஞ்சு போச்சுன்னே வச்சுக்குங்க” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவதில் மூன்று நாணயங்கள். கட்டடத்துக்குள் ஒரு கொத்தனார் வேலை செய்ய, வரைபடத்தோடு இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல கார்டு. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் மதிச்சா கட்டடம் எழும்பும்.”

“அப்ப வருவாங்க?”

“வருவாங்க. ஆனா சில விஷயம் இருக்கு.” அவள் கார்டை உற்றுப் பார்த்தாள். “வாசல் போர்டுல அவங்க பேரும் இருக்கணும்.”

“அதுக்கென்ன, கீழ சின்னதாப் போட்டுடலாம்.”

“கீழ இல்ல சார், பக்கத்துல. அதே அளவு எழுத்துல.”

“அதுகூடவா கார்டுல இருக்கு?”

“தெளிவா இருக்கு.”

அவர் அந்தக் கொத்தனாரை முறைத்தார். முப்பது வருஷமாகத் தன் பெயர் மட்டுமே இருந்த போர்டு அது. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

“சரி, பக்கத்துலயே போடறேன். ஒரு போன் பண்ணிச் சொல்லிட்டாப் போதுமா?”

“போதாது. அந்த ஆளுக்குத் தன்மானம் ஜாஸ்தி. நீங்களே நேர்ல போய்க் கேக்கணும்.”

“அதுக்குத்தானே இந்த மாடி ஏறினேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் இப்போது ஒளிவு மறைவே இல்லை.

“நான் யாருன்னு தெரிஞ்சும், எனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு வார்த்தை மாத்திச் சொல்லல பாருங்க. பலன் சொன்னா இப்படிச் சொல்லணும். எனக்குப் பெருமையா இருக்கு.”

அவள் கார்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடுக்கினாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுக்கி முடித்தபோது அவள் தலையும் அவர் தலைக்குச் சமமாக நிமிர்ந்திருந்தது.

“நாளைக்கே வர்றேன். ஆனா நான் திரும்ப வீட்டுக்கு வர்றதை அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும், அப்பா.”