மழைக்கு வைத்திருந்த கம்பி

"பின்னாடி இவ்வளவு தடியான கம்பியை எந்தப் புண்ணியவான் மாட்டினது?"

வண்டிக்கு அடியிலிருந்து பட்டறைக்காரரின் குரல் வந்தது. பக்கத்தில் நின்ற இளைஞன் அசடு வழிந்தான்.

"கடையில குடுத்தாங்க. தடியா இருந்தா வளைவுல வண்டி சாயாதுன்னாங்க."

"சாயாதுதான். ஆனா சுத்தும்." கையைத் துணியில் துடைத்தபடி வெளியே வந்தார். "ஸ்வே பார்ங்கிறது இந்தப் பக்கச் சக்கரத்தையும் அந்தப் பக்கச் சக்கரத்தையும் சேர்த்துக் கட்டுற கம்பி. இதுவோ பின்சக்கரம் தள்ளுற வண்டி. பின்னாடி ரொம்ப முறுக்கா இருந்தா, வளைவுல உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிடும். தள்ள வேண்டிய சக்கரமே அந்தரத்துல தொங்கினா, வால் எந்தப் பக்கம் போகும்னு யாரு கண்டா?"

"ஓட்டுறவங்களும் அதேதான் சொன்னாங்க. என்ன அளவு போடலாம்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

பட்டறைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை மலைப்பாதைப் போட்டிக்குத்தானே? அதுல நானும் ஓட்டுறேன். இதே மாதிரி வண்டி. தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரியும். போட்டிக்கு நிக்கிறவராவே இருந்தாலும் அவர் வாயில தப்பான அளவு வராதுன்னாங்க."

"நல்லா ஐஸ் வைக்கத் தெரிஞ்ச ஆளுதான்."

இளைஞன் சிரித்தான். அவன் பார்வை சுவரில் தொங்கிய சிவப்பு ஹெல்மெட்டில் போய் நின்றது. பட்டறை முழுக்கக் கரியும் எண்ணெயுமாக இருக்க, அதில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"அது...?"

"சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போன ஒருத்தியோடது. விக்கிறதுக்கு இல்ல," என்று பேச்சை வெட்டினார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். தட்டில் மூன்று டம்ளர்கள். இருவருக்கும் கொடுத்துவிட்டு, "வாசல்ல வேன் நிக்குதே, அதுல உக்காந்திருக்கிறவங்களுக்கும் தொண்டை காயுமில்ல?" என்று மூன்றாவதை எடுத்துக்கொண்டு போனாள்.

பட்டறைக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையில் ஆழ்ந்தார். ஜெயிக்கிற பட்டறைக்குத்தான் போட்டி நடத்தும் கிளப்பின் வண்டிகள் எல்லாம் வருஷம் முழுக்க வேலைக்கு வரும். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் வெற்றி நூலிழையில் கைநழுவியது. இந்தத் தடவையும் போனால் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். 'இதுவே இருக்கட்டும், பழகினா சரியாயிடும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்றாவது வளைவில் இந்த வண்டி தானாகவே சுழன்று நின்றுவிடும்.

நிற்குமா? அந்த வளைவுக்குப் பக்கத்தில்தானே பள்ளம்?

டம்ளரைக் கீழே வைத்தார். தன் மனசுக்குள் இப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. கடவுளே, என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

டீ கொடுக்கப் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன.

"என்ன ஆச்சு?"

"தூசி. ஆமா, என்ன அளவு சொன்னீங்க?"

"இன்னும் சொல்லல."

"பார்த்துச் சொல்லுங்க. யார் பெத்த பிள்ளையோ ஓட்டப்போகுது."

அவர் எழுந்தார். மேல் பலகையிலிருந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிவைத்திருந்த மெல்லிய கம்பி ஒன்றை இறக்கினார்.

"பதினாறு மில்லிமீட்டர் கனம். மழை வந்தா ஈரத்துல வால் வழுக்காம இருக்க என் வண்டியில மாட்டுறதுக்குன்னு வச்சிருந்தது. இதைப் பின்னாடி போடுவோம். முன்கம்பி இருக்கிறதே இருக்கட்டும். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா, எதனால சரியாச்சுன்னே தெரியாமப் போயிடும்."

"அப்போ மழை வந்தா நீங்க?"

"பின்னாடி கம்பியே இல்லாம ஓட்டிக்குவேன். படகு மாதிரி ஆடும், கொஞ்சம் மெதுவாப் போவேன். போனாப் போகுது. அந்த ஸ்பேனரை எடுங்க."

கம்பியை மாட்டி, நட்டுகளை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு மனசு லேசாகியிருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு விசிலடிக்கக்கூடத் தோன்றியது.

"ஓட்டுறவன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. மூணாவது வளைவுல பயந்துபோய் ஆக்சிலரேட்டர்ல இருந்து சட்டுனு காலை எடுக்கக் கூடாது. எடுத்தா எந்தக் கம்பி போட்டாலும் வால் சுத்தும். மிதிச்ச மிதியை அப்படியே பிடிச்சுக்கிட்டா, மிச்சத்தை வண்டி பார்த்துக்கும்."

இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, நெடுநாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்ட ஒன்றைச் சொல்பவனைப் போல மெதுவாகச் சொன்னான்.

"அதை நீங்களே சொல்லிடுங்க, மாமா. உங்க பொண்ணு வேன்லதான் உக்காந்திருக்கா."

பட்டறைக்காரர் திரும்பிப் பார்த்தபோது, அவர் மனைவி அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.